கால அட்டவணையில் ஓர் அரைமணி நேரம்: கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இசைக்கல்வி குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

கோலாலம்பூர் நகர எல்லைக்குள் இயங்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில், 2023/2024ஆம் கல்வியாண்டில், நான்காம் ஐந்தாம் ஆண்டு வகுப்புகளின் இசைக்கல்விப் பாட வேளையில் நிகழ்ந்த ஒரு சிறிய மாற்றத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பள்ளியின் பெயரும், ஆசிரியர் மாணவர் பெயர்களும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன. புதிய பாடத்திட்டமோ வெளியார் நிதியோ இதில் இல்லை. கால அட்டவணையில் ஏற்கெனவே இருந்த ஒரு பாட வேளை, அதன் பெயருக்கு உரிய பாடத்துக்கே பயன்படுத்தப்பட்டது என்பதுதான் நிகழ்வு. இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வெளியார் கேட்கலாம். பள்ளிக்குள் பணியாற்றியவர்கள் கேட்கமாட்டார்கள்.

பள்ளியில் இசை எதற்கு என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் புழங்குகின்றன. இசை கற்றால் கணிதமும் மொழியும் நன்றாக வரும் என்பது ஒன்று. இசைக்குழு இருந்தால் பள்ளிக்குப் பெயர் கிடைக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டு விடைகளுமே இசை வேளையைக் காப்பாற்றத் தவறின என்பதும், அவற்றை விட்டு விலகியபோதுதான் அந்த வேளை பிழைத்தது என்பதும் இப்பள்ளியில் நான் கண்டவை.

பள்ளியும் அதன் பிள்ளைகளும்

பள்ளியின் பெரும்பாலான மாணவர்கள் அருகிலுள்ள மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். அவர்களுடைய தாத்தா பாட்டிமாரில் பலர் தோட்டப்புறத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்தவர்கள். பெற்றோர் லாரி ஓட்டுநர்களாகவும், பாதுகாவலர்களாகவும், மருத்துவமனை ஊழியர்களாகவும், அலுவலக எழுத்தர்களாகவும் வேலை செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டிலும் இரண்டு வகுப்புகள் உள்ளன.

கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் இசை கற்க வழியில்லாமல் இல்லை. 1981இல் தொடங்கப்பட்ட டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பு பிரிக்பீல்ட்ஸில் இசை, நடன வகுப்புகளை நடத்திவருகிறது. கோவில்களிலும் தனி வீடுகளிலும் வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் சொல்லித் தரப்படுகின்றன. லண்டனிலிருந்து நடத்தப்படும் ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளின் எட்டு நிலைகளை இலக்காகக் கொண்ட பியானோ வகுப்புகள் பேரங்காடிகளின் மேல்மாடிகள் வரை பரவியுள்ளன. ஆனால் இவை அனைத்துக்கும் கட்டணம் உண்டு. சனிக்கிழமை காலையில் பிள்ளையை ஏற்றிச்சென்று இறக்கிவிட ஒருவர் வேண்டும். சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் தாய்தந்தையரின் பிள்ளைக்கு இந்த நகரத்தின் இசைச் செழிப்பு சாலை ஓரத்து விளம்பரப் பலகை மட்டுமே. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வகுப்புகளில் வெளியே முறையாக இசை பயின்றவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குப் பள்ளியின் அரைமணி நேரமே முதல் இசை வகுப்பு. இடைநிலைப்பள்ளிகள் எல்லாவற்றிலும் இசை ஒரு பாடமாக வழங்கப்படுவதில்லை என்பதால், பலருக்கு அதுவே கடைசி வகுப்பும் ஆகும்.

இசை வேளை எங்கே போனது

தொடக்கப்பள்ளியில் இசை கற்பிக்கப்பட வேண்டும் என்பது மலேசியாவில் புதிய முடிவன்று. 1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டத்திலேயே இசைக்கல்விக்கு இடம் இருந்தது. 2011இல் அறிமுகமான தர அடிப்படையிலான கலைத்திட்டத்தில் அது ‘இசை உலகம்’ என்ற பெயரில் வந்தது. 2017இல் தொடங்கிய சீராய்வில் மீண்டும் ‘இசைக்கல்வி’ ஆயிற்று. அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகிய நான்கும் சமன்பட்டு இசைந்த மனிதரை உருவாக்குவதே கல்வி என்று 1988இன் தேசியக் கல்வித் தத்துவம் கூறுகிறது. ஏட்டளவில் குறை சொல்ல இடமே இல்லை.

நடைமுறை வேறு. ஆறாம் ஆண்டு முடிவில் நடந்த அரசுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் இருந்தவரை, அத்தேர்வில் இல்லாத பாடங்களின் வேளைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஆறாம் ஆண்டில் தொடங்கிய இந்தப் பழக்கம் ஐந்தாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் இறங்கியது. 2021இல் யுபிஎஸ்ஆர் அகற்றப்பட்டபோது பழக்கம் தானாகவே மறையும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். அது மறையவில்லை. நான்காம் ஆண்டு முதல் நடத்தப்படும் கல்வியாண்டு இறுதித் தேர்வு அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. இப்பள்ளியில் இசை வேளை பெரும்பாலும் கணித மீள்பார்வைக்கும் மலாய்மொழிப் பயிற்சிக்கும் போயிற்று. கோவிட் பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சில் தொடங்கியபின் ஊது கருவிகளைத் தொடவே அஞ்சிய காலம் ஒன்று வந்தது. ரெக்கார்டர் எனப்படும் சிறு ஊதுகுழல்கள் பெட்டியில் போடப்பட்டுப் பண்டக அறைக்குச் சென்றன. இசை அறை, கற்றலில் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்பாக மாறியது. பள்ளி மீண்டும் திறந்த பிறகும் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

வகுப்புசார் மதிப்பீட்டில் மட்டும் இசை உயிரோடு இருந்தது. ஆறு அடைவு நிலைகளில் ஏறத்தாழ எல்லா மாணவருக்கும் மூன்றாம் நிலையே பதியப்பட்டிருந்தது. மொத்த வகுப்பும் ஒரே அளவில் சுருதி சேர்ந்துவிட்ட அதிசயத்தை அந்த ஆவணத்தில்தான் காண முடியும்.

இதே பள்ளியில் பாடல் குழு ஒன்றும் இருந்தது, சிறந்தே இருந்தது. ஆகஸ்டில் தேசிய மாதப் பாடல் போட்டிக்கும், மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்கும் இருபது பிள்ளைகள் போல் தேர்ந்தெடுக்கப்பட்டு மாதக்கணக்கில் பயிற்சி பெற்றார்கள். அலுவலகக் கண்ணாடி அலமாரியில் கேடயங்கள் உள்ளன. போட்டியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போட்டி ஏற்கெனவே பாடத் தெரிந்தவரைத் தேடி எடுக்கிறது. பாடத் தெரியாதவரைப் பாட வைப்பது அதன் வேலை அன்று. மற்றப் பிள்ளைகள் குழுவின் நிகழ்ச்சிக்குக் கைதட்டினார்கள். இசைக்கு இந்தப் பள்ளியில் எவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம் என்று பெற்றோரிடம் காட்டுவதற்குக் கேடயங்கள் போதுமானவையாக இருந்ததால், பாட வேளை காணாமற்போனதை யாரும் கேட்கவில்லை.

மாற்றத்தின் தொடக்கம்

2023 மார்ச்சில் கல்வியாண்டு தொடங்கியபோது வேறொரு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை ஒருவருக்கு, நான்காம் ஐந்தாம் ஆண்டுகளின் கணிதமும் இசைக்கல்வியும் ஒதுக்கப்பட்டன. அவர் கணித ஆசிரியர். இசையைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவர் அல்லர். சிறுவயதில் சில ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றிருந்தார். இசை வேளையைக் கணிதத்துக்குக் கடன் கேட்பவரும் கடன் கொடுப்பவரும் இப்போது ஒருவரே ஆகிவிட்டதால், வழக்கம்போல் எடுத்துக்கொள்வது எவ்வளவோ எளிதாக இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இந்நிகழ்வின் திருப்பம்.

தலைமையாசிரியரிடம் அவர் கேட்டவை இரண்டு. இசை வேளையை எந்தப் பாடத்துக்கும் மாற்றித் தரக்கூடாது. அதை வெள்ளிக்கிழமைக் கடைசி வேளையிலிருந்து வார நடுவில், ஓய்வு நேரத்துக்குப் பின் வரும் வேளைக்கு நகர்த்த வேண்டும். இரண்டாவது கோரிக்கை சிறியதாகத் தோன்றினாலும் முதலாவதைவிட முக்கியமானது. வெள்ளிக்கிழமைக் கடைசி வேளை எந்தப் பள்ளியிலும் கூட்டங்களாலும் நிகழ்ச்சிகளாலும் அரிக்கப்படும் வேளை. தலைமையாசிரியர் இரண்டுக்கும் இசைந்தார். செலவு எதுவும் கூடாது என்றும், கணித அடைவு குறைந்தால் ஏற்பாடு மறுபரிசீலனை செய்யப்படும் என்றும் நிபந்தனை வைத்தார். நியாயமான நிபந்தனையாகவே எனக்குப் பட்டது.

வகுப்பறையில் நடந்தவை

முதல் சில வாரங்கள் பாடுவதில் சென்றன. அதுவும் நன்றாகச் செல்லவில்லை. பிள்ளைகள் பாடவில்லை, கத்தினார்கள். காரணத்தைத் தேடியபோது அது பிள்ளைகளிடம் இல்லை என்று தெரிந்தது. பள்ளியில் பயன்படுத்தப்பட்டுவந்த பின்னணி இசைப் பதிவுகள் யாவும் பெரியவர்களின் குரலுக்கு ஏற்ற சுருதியில் அமைந்தவை. ஆண் குரலின் தாழ்ந்த சுருதியைப் பின்பற்ற முயலும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தொண்டையை அழுத்தி முனகும். இல்லையேல் சுருதியை விட்டுவிட்டு உரத்துப் பேசும். ஆசிரியை பதிவுகளை ஒதுக்கிவிட்டு, கைப்பேசியில் சுருதிப் பெட்டிச் செயலியை வைத்து, பிள்ளைகளின் குரல் இயல்பாக நிற்கும் உயரத்துக்கு ஆதார சுருதியை ஏற்றினார். பாட்டு மென்மையாயிற்று. தனக்குப் பாட்டு வராது என்று பிள்ளை சொன்னால் முதலில் சுருதியைச் சோதிக்க வேண்டும் என்பதை, ஆசிரியர் பயிற்சியில் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம்.

அடுத்தது ரெக்கார்டர். தொடக்கப்பள்ளி இசைக்கல்வியில் நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகள் பயிலும் கருவி இது. நெகிழியால் ஆனது, மலிவானது. தவறாக ஊதினால் காதைக் கிழிப்பது. பண்டக அறையில் இருந்தவை சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவப்பட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டப்பட்டன. பற்றாக்குறைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சிலவற்றை வாங்கித் தந்தது. முப்பது பிள்ளைகள் ஒரே அறையில் ஊதத் தொடங்கியதும் பக்கத்து அறையின் அறிவியல் ஆசிரியர் முறையிட்டார். முறையிடாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. அதற்குக் கண்ட தீர்வு பாடத்தையே மேம்படுத்தியது. ரெக்கார்டரின் வாயை மோவாயில் ஊன்றிக்கொண்டு, விரல்களை மட்டும் துளைகளில் வைத்து, சுரத்தை வாயால் பாடுவார்கள். விரலும் குரலும் ஒத்துப்போன பிறகே ஊத அனுமதி. கருவி கிறீச்சிடுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: மூச்சு மிகுதியாகப் போவது, துளை முழுமையாக மூடப்படாதது. மோவாய்ப் பயிற்சி இரண்டாவதைப் பெருமளவு குறைத்தது.

ரெக்கார்டரில் முதலில் கற்பிக்கப்படுபவை பி, ஏ, ஜி என்னும் மூன்று சுரங்கள். இடக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடினால் பி. நடுவிரலைச் சேர்த்தால் ஏ. மோதிர விரலையும் சேர்த்தால் ஜி. வாய்ப்பாட்டுப் பயிற்சி உள்ள ஆசிரியைக்கு இங்கே ஒரு வழி புலப்பட்டது. ஜி என்பதை ஆதார ஷட்ஜமமாக, அதாவது ‘ச’வாகக் கொண்டால் இந்த மூன்றும் க ரி ச. மேல் ஸ்தாயி நோக்கி டி, ஈ என்ற இரண்டையும் சேர்த்தால் ச ரி க ப த, அதாவது மோகன ராகம். பழந்தமிழ் முல்லைப்பண்ணை இசைத்தமிழ் ஆய்வாளர்கள் இதனோடு இணைத்துக் காட்டுவது வழக்கம். தாலாட்டின் சாயலும் கும்மியின் மெட்டும் இந்த ஐந்து சுரங்களில் எளிதாக அடங்கும். சீன நாட்டுப்புற மெட்டுகள் பலவும் இதே ஐந்து சுர அடுக்கில் அமைந்தவை. தெருவுக்கு அப்பால் சீனப்பள்ளி இருக்கும் நகரத்தில், அங்கே ஒலிப்பதும் நம் பாட்டியின் தாலாட்டும் ஒரே சுரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பத்து வயதில் காதாலேயே அறிவது, ஒற்றுமை குறித்த கட்டுரைப் பயிற்சி பலவற்றைவிட மேலானது என்பது என் கருத்து.

ஹங்கேரியின் சோல்டான் கோடாயின் பெயரால் அறியப்படும் கற்பித்தல் முறையும் ஐந்து சுரங்களிலிருந்தே தொடங்குகிறது. அதில் அடிச்சுரமான டோ என்பது எந்தச் சுருதியிலும் நிற்கக்கூடியது. நமது ஷட்ஜமமும் அப்படியே. இந்த ஒப்புமையை ஆசிரியை நன்றாகப் பயன்படுத்தினார், ஆனால் பாதியில் ஒரு சிக்கல் எழுந்தது. ச என்றால் எப்போதும் ஜிதான் என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டது. பாடநூலில் சி சுரத்தை அடியாகக் கொண்ட பாடல் வந்ததும், ஐந்து கோட்டு இசைக்குறிகளும் ச ரி கமவும் ஒன்றோடொன்று மோதின. இரண்டாவது மாதத்திலேயே ஷட்ஜமத்தை வேறொரு சுரத்துக்கு நகர்த்திப் பாட வைத்திருந்தால் இக்குழப்பம் எழுந்திருக்காது. இரண்டு முறைகளையும் இணைத்துக் கற்பிக்க எண்ணுபவர்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

உறுமி அடிக்கும் பையன்கள்

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சில மாணவர்கள் வார இறுதிகளில் உறுமி மேளக் குழுக்களோடு சுற்றுபவர்கள். அண்ணன்மாரோ மாமன்மாரோ குழுவில் இருப்பார்கள்; இவர்கள் கருவி தூக்கப் போய் அப்படியே அடிக்கப் பழகியவர்கள். கோலாலம்பூர்த் தமிழர்களுக்கு உறுமி மேளத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று பத்துமலைப் பாதையில் காவடிகளோடு போவது அது. இடை சிறுத்த அந்த இருமுக முழவின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் ஒலிதான் பெயருக்கே காரணம். ஆசிரியர் அறையில் அதற்கு நற்பெயர் இல்லை. உறுமிக் குழு என்றதும் படிப்பை விட்ட பையன்கள், தெருச் சண்டை என்று பேச்சு திரும்பிவிடும். அந்தப் பேச்சில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பையன்களின் கைகளில் இருப்பது இசை அறிவு என்பதையும் அந்தப் பேச்சு மறைத்துவிட்டது.

தாள வேளையில் இது வெளிப்பட்டது. தகதிமி, தகிட என்று சொற்கட்டுகளைக் கைதட்டிச் சொல்லும் பயிற்சியில், வகுப்பின் முதல் மாணவர்கள் தடுமாறிய இடத்தில் இந்தப் பையன்கள் தடுமாறவில்லை. மூன்றின் நடையும் நான்கின் நடையும் மாறி மாறி வரும் அடிகளைக் காதால் கேட்டே திருப்பி அடித்தார்கள். ஆனால் கரும்பலகையில் எழுதியபோது ஒன்றையும் படிக்க முடியவில்லை. ஆசிரியை தலைகீழாக வேலை செய்தார்: அவர்கள் அடித்ததை அவர்களையே எழுத வைத்தார். கால் மாத்திரை, அரை மாத்திரை, ஓய்வு என்று அவரவர் அடித்த அடி தாளில் குறியாக மாறியது. பிறகு அந்தத் தாளைப் பார்த்து மற்ற மாணவர்கள் கொம்பாங் என்னும் மலாய்க் கைமுழவிலும் மேசையிலும் அடித்தார்கள்.

அந்தக் குழுவில் ஒரு மாணவன் குறைநீக்கல் வகுப்புக்கும் செல்பவன். வகுப்பில் வாய் திறக்காதவன். தன் அடியைப் பிறர் தவறாக வாசித்தபோது எழுந்து நின்று திருத்தினான். பிறகு வாசிப்பில் ஓய்வுக் குறிகளை எண்ணும் பொறுப்பு அவனுக்கே வந்தது. இசையால் அவனுடைய எழுத்து வாசிப்பு மேம்பட்டுவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆண்டு இறுதியிலும் அவன் தமிழிலும் மலாயிலும் திக்கித் திணறியே வாசித்தான். ஆனால் வகுப்புக்குள் அவனைப் பற்றி இருந்த மதிப்பீடு மாறியது. அந்த ஒரு வேளையிலாவது பிறர் அவனிடம் கேட்டு நடந்தார்கள். கல்வியின் பயன் என்று நாம் எண்ணும் பட்டியலில் இதற்கு இடமில்லை என்றால் திருத்த வேண்டியது பட்டியலைத்தான்.

2024 ஜனவரியில் பள்ளிப் பொங்கல் விழாவில் இரு ஆண்டுகளின் வகுப்புகளும் முழுமையாக மேடையேறின. தேர்ந்தெடுப்பு கிடையாது. வாசிப்பு சுமாராகவே இருந்தது. நடுவில் ஓரிடத்தில் ரெக்கார்டர்களும் கொம்பாங்குகளும் வெவ்வேறு பாதையில் போய்ப் பிறகு சேர்ந்தன. போட்டிக் குழுவைக் கேட்டுப் பழகிய சிலர் முகம் சுளித்தார்கள். அவ்வகுப்புகள் திங்கட்கிழமைச் சபைகூடலில் தேசியகீதமான நெகாராகூவைப் பாடும் விதத்தில் வந்த வேறுபாட்டைச் சபைகூடலை நடத்தும் ஆசிரியர்கள் தாமாகவே குறிப்பிட்டார்கள். வாயசைப்பு குறைந்து குரல் வந்திருந்தது.

மதிப்பெண் வாதம்

தலைமையாசிரியரின் நிபந்தனைக்குத் திரும்புவோம். கணித அடைவு குறையவில்லை, கூடவும் இல்லை. முந்தைய ஆண்டை ஒத்த நிலையிலேயே இருந்தது. ஒப்பிடுவதற்கு இசை வேளை இல்லாத இணை வகுப்பு எதுவும் இல்லாததால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. வாரம் அரைமணி நேர மீள்பார்வையை இழந்ததால் கேடு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

உலக ஆய்வுகளும் பெரிய வாக்குறுதிகளுக்கு இடம் தருவதில்லை. மொசார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்ற நம்பிக்கைக்கு மூலம் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. அதில் கலந்துகொண்டவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள். இட உணர்வுசார் பணி ஒன்றில் மட்டும் கண்ட ஏற்றம் கால்மணி நேரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. அதை வைத்துக் கைக்குழந்தைகளுக்கான இசைத்தட்டு வணிகமே எழுந்தது. 2004இல் கனடாவின் கிளென் ஷெல்லன்பெர்க் செய்த ஆய்வு இதைவிட உறுதியானது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை இசை, நாடகம், எதுவுமில்லை என்று குலுக்கல் முறையில் பிரித்ததில், இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக உயர்ந்தது. ஆனால் பிறரோடு பழகும் பண்பில் முன்னேறியவர்கள் நாடகம் கற்றவர்களே. 2020இல் சாலா, கோபே ஆகிய இருவரும் 54 ஆய்வுகளையும் ஏறத்தாழ 7,000 குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்தபோது, ஆய்வு எவ்வளவு கண்டிப்பாகச் செய்யப்பட்டதோ அந்த அளவுக்கு இசைப் பயிற்சியின் கல்விப் பயன் சுருங்கிக் கிட்டத்தட்ட இல்லாமற்போனது.

இதனால் இசை ஆசிரியர்கள் வருந்த வேண்டியதில்லை. கணிதத்துக்காக இசை என்று நாமே சொல்லத் தொடங்கினால், அப்படியானால் நேரடியாகக் கணிதத்தையே நடத்திவிடலாமே என்று கால அட்டவணை தயாரிப்பவர் கேட்பது முறைதான். இப்பள்ளியில் இசை வேளை போனது இந்தக் கணக்கின்படியே. சேர்ந்து இசைப்பதைப் பற்றிய ஆய்வு எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. 2010இல் கிர்ஷ்னரும் டொமசெல்லோவும் நான்கு வயதுக் குழந்தைகளைக் கொண்டு செய்த சோதனையில், சேர்ந்து பாடி ஆடிய இணைகள் அதன்பின் ஒருவருக்கொருவர் உதவுவதிலும் ஒத்துழைப்பதிலும், இசையின்றி அதே விளையாட்டை விளையாடிய இணைகளை விஞ்சினார்கள். இதுவும் ஒரு சோதனையே. இதைக் கொண்டு கோட்டை கட்ட வேண்டாம். ஆயினும் ஓய்வுக் குறியில் முப்பது பேரும் ஒன்றாக நிற்கக் கற்றுக்கொள்வதை வேறெந்தப் பாட வேளையிலும் நான் பார்த்ததில்லை.

எதிர்ப்புகள், குறைகள்

உறுமியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது சில பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலிருந்து மகனை விலக்கிவைக்கப் போராடுகிறார்களோ அதற்குப் பள்ளியே சான்றிதழ் கொடுப்பதுபோல் இருப்பதாக ஒரு தாய் ஆசிரியையிடம் வருத்தப்பட்டார். அந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆசிரியை உறுமிக் கருவியை வகுப்புக்குள் அனுமதிக்காமல், அதன் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சமரசம்தான், ஆனாலும் வேலை நடந்தது.

தேவாரத்தை அவர் இசை வேளையில் தொடவே இல்லை. வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருப்பதால் அது சமய வகுப்புக்கும் திருமுறைப் பயிற்சிக்கும் உரியது என்று விட்டுவிட்டார். அவருடைய தயக்கம் புரிகிறது. எனினும் இதில் நான் மாறுபடுகிறேன். பண்ணோடு வழங்கிவரும் பழமையான தமிழ்ப் பாடல் தொகுதி அது. ‘தோடுடைய செவியன்’ நட்டபாடைப் பண்ணுக்கு உரியது என்பதும், அது இன்று கம்பீரநாட்டையில் பாடப்படுகிறது என்பதும் வழிபாட்டுச் செய்தி மட்டுமன்று, இசைச் செய்தியும்கூட. பாட வைக்காமல், கேட்டுச் சுவைக்கும் பகுதியில் அதை ஒருமுறை ஒலிக்கச் செய்திருக்கலாம். முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் சமூகத்தின் பள்ளியில், நடுத்தமிழுக்கு வாரம் அரைமணி நேரம் கிடைத்த பிறகும் அதன் பழைய சொத்து வாசலில் நிற்பது எனக்கு உவப்பாக இல்லை.

படைப்பாக்கம் பெரிதும் விடுபட்டது. உறுமிப் பையன்கள் எழுதிய அடிகளைத் தவிர, பிள்ளைகள் தாமாக மெட்டமைத்தது எதுவும் இல்லை. அரைமணி நேரத்தில் கருவிகளை எடுத்துத் தந்து, திரும்ப வாங்கி அடுக்குவதற்கே கணிசமான நேரம் போய்விடுகிறது. இசை அறை மீண்டும் கிடைத்தால் இது பாதியாகக் குறையும். மதிப்பீட்டில் முன்னேற்றம் உண்டு: அடைவு நிலைகள் இம்முறை இரண்டிலிருந்து ஐந்து வரை விரிந்து கிடந்தன. இரண்டாம் நிலை பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் சிலர் காரணம் கேட்டு வந்தார்கள். இசைக்கல்வி மதிப்பீட்டைப் பற்றிப் பெற்றோர் கேட்பது அப்பள்ளிக்குப் புதிய அனுபவம்.

இப்போதைய நிலை

மொத்த ஏற்பாடும் ஒரே ஆசிரியரின் தோளில் நின்றது என்பதே இந்நிகழ்வின் பெரிய பலவீனம். அடுத்த கல்வியாண்டின் முடிவில் அவருக்கு மாற்றல் கிடைத்தது. அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி இல்லை, கித்தார் வாசிப்பார். மோகனத்திலிருந்து தொடங்கும் வழியை அவர் பின்பற்றவில்லை, பாடநூலின் வரிசைப்படியே நடத்துகிறார். பாட வேளை வார நடுவிலேயே நிற்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அதை மீள்பார்வைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று 2025இல் ஆசிரியர் கூட்டத்தில் கேள்வி எழுந்தது; எடுத்துக்கொண்டால் அதே மாதத்தில் ஈடுசெய்ய வேண்டும் என்ற விதியோடு அனுமதிக்கப்பட்டது. அவ்விதி ஓரளவு கடைப்பிடிக்கப்படுகிறது.

2027இல் முதலாம் ஆண்டிலிருந்து புதிய கலைத்திட்டம் தொடங்குகிறது. அதை முன்னிட்டு இசை அறையைத் திரும்பப் பெற்றுத் தரும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதியுள்ளது. குறைநீக்கல் வகுப்புக்கு மாற்று இடம் கிடைக்காத வரை அதற்கு வாய்ப்பில்லை. அந்த வகுப்பும் தேவையான வகுப்பே. நூலகத்தின் பின்பகுதியைத் தடுத்துப் பயன்படுத்தலாமா என்று தற்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.